கப்பலோட்டிய தமிழர் மூட்டிய நெருப்பு

கப்பல் ஓட வேண்டுமானால் முதலில் நெருப்பு எரிய வேண்டும். நெருப்பு எரியக் கரி வேண்டும். கரி வாங்கப் பணம் வேண்டும்.

இந்த மூன்றையும் தேடித் தூத்துக்குடியிலிருந்து பம்பாய் வரை அலைந்தார் ஒரு வக்கீல். அவர்தான் வ.உ. சிதம்பரம் பிள்ளை.

வெள்ளைக்காரருக்கு எதிராக அவர் கப்பல் விட்ட கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. சிறையில் அவர் செக்கிழுத்த கதையும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கப்பலின் வயிற்றில் எரிந்த நெருப்பைப் பற்றிப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அவருடைய கம்பெனியை வாழ வைத்ததும் அந்த நெருப்புதான். அதன் பணத்தைத் தின்றதும் அந்த நெருப்புதான்.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

அந்நாளைய திருநெல்வேலி ஜில்லாவில் ஒட்டப்பிடாரம் என்னும் ஊர். வீரபாண்டியக் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊரில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி சிதம்பரம் பிள்ளை பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மாள்.

தந்தையார் வக்கீல். மகனும் வக்கீலுக்குப் படித்தார். சொந்த ஊரில் தொழில் நடத்திவிட்டு, 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். நல்ல வருமானம் வந்தது. தமிழ் நூல்களில் அவருக்குத் தணியாத ஆசை. பெரிய வீடு, நாலு பேர் மதிக்கும் வாழ்வு என்று அவர் அப்படியே இருந்திருக்கலாம்.

ஆனால் தூத்துக்குடிக் கடற்கரை அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

ஆற்றில் நீர், கடலில் நெருப்பு

தாமிரவருணி பொதிகை மலையில் பிறக்கிறது. பாபநாசத்தில் அருவியாக விழுகிறது. அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று வயல்களை நனைத்துக்கொண்டு ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது.

பாபநாசத்தில் விழும் அந்த நீரை வைத்து ஹார்வி என்னும் வெள்ளைக்காரக் கம்பெனியார் நூல் ஆலை நடத்தினார்கள். நீர் விழுந்தது, சக்கரம் சுழன்றது, கதிர்கள் ஓடின. நீருக்கு விலை கிடையாது. இரவும் பகலும் அது தானாக விழுந்துகொண்டே இருக்கும்.

கடலில் அப்படி விழும் நீர் இல்லை. பாய்மரத் தோணி காற்றை நம்பி ஓடும். காற்று நின்றால் தோணியும் நிற்கும். நீராவிக் கப்பலோ காற்றைப் பற்றிக் கவலைப்படாது. கரியை எரித்து, நீரைக் கொதிக்க வைத்து, ஆவியின் பலத்தால் அது ஓடும். குறித்த நாளில் புறப்பட்டுக் குறித்த நாளில் கரை சேரும். அதனால் வியாபாரிகள் நீராவிக் கப்பலையே நாடினார்கள்.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுமார் 150 கடல் மைல் தூரம். நீராவிக் கப்பலுக்கு ஓர் இரவுப் பயணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல் வழி 1914-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் இலங்கை போக விரும்பிய தமிழ்நாட்டு மக்களில் பெரும்பாலோர் தூத்துக்குடி வழியாகத்தான் போனார்கள். கூலிக்காரர், கடைக்காரர், அரிசி மூட்டை, துணி மூட்டை எல்லாம் அந்த வழியில் போயின.

அந்த வழி முழுவதும் ஒரே ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. அதுதான் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. மக்கள் அதைப் பி.ஐ. கம்பெனி என்று சொன்னார்கள். தூத்துக்குடியில் அதற்கு ஏஜண்டாக இருந்தவர்களும் ஹார்வி கம்பெனியாரே. அவர்கள் கேட்டதுதான் கட்டணம். அவர்கள் வைத்ததுதான் சட்டம்.

சுதேசிக் கம்பெனி

1905-ஆம் ஆண்டில் சர்க்கார் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது. தேசமெங்கும் சுதேசி இயக்கம் பரவியது. சீமைத் துணியை விட்டுவிட வேண்டும், உள்நாட்டுப் பொருளையே வாங்க வேண்டும் என்று மக்கள் உறுதி பூண்டார்கள்.

சிதம்பரம் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். துணியை மட்டும் உள்நாட்டில் நெய்து என்ன பயன்? அதை ஏற்றிச் செல்லும் கப்பல் அன்னியனுடையதாக இருந்தால் லாபம் அவனுக்குத்தானே போகும்? சுதேசிக் கப்பல் வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

1906-ஆம் ஆண்டில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வியாபாரி மட்டும் 8,000 பங்குகள் வாங்கினார். அதாவது இரண்டு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலையளவு பணம். செயலாளர் வேலையில் ஓடியாடி உழைத்தவர் சிதம்பரம் பிள்ளை.

கம்பெனிக்கு முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயிலிருந்து வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி குறுக்கே நின்றது. வாடகைக் கப்பல் பறிபோயிற்று. பிறகு கொழும்பிலிருந்து ஒரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார்கள். சொந்தக் கப்பல் இல்லாமல் இந்தத் தொழில் நிலைக்காது என்று தெரிந்துவிட்டது.

சிதம்பரம் பிள்ளை பம்பாய்க்குப் புறப்பட்டார். கப்பலோடுதான் திரும்புவேன், இல்லாவிட்டால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று சபதம் செய்துவிட்டுப் போனார். அப்போது அவருடைய மகன் நோயுற்றிருந்தான், மனைவி கர்ப்பமாக இருந்தார். அப்படியும் அவர் நிற்கவில்லை.

1907-ஆம் ஆண்டில் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடிக் கடலுக்கு வந்தது. லாவோ என்னும் இன்னொரு கப்பலும் வந்து சேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் ஆயிரக்கணக்கான மூட்டைகளையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் அவை. தூத்துக்குடியில் கரையருகே கடல் ஆழம் குறைவு. ஆகையால் கப்பல்கள் சில மைல் தள்ளித்தான் நங்கூரம் போடும். மக்கள் கரையில் கூடி நின்று பார்த்தார்கள். தூரத்தில் புகைபோக்கியிலிருந்து எழும்பிய கறுப்புப் புகைதான் முதலில் கண்ணில் பட்டது. அது சுதேசிப் புகை என்று சனங்கள் பூரித்தார்கள்.

ஆனால் அந்தக் கறுப்புப் புகை நஷ்டத்தின் அடையாளம் என்பதும் உண்மை. ஏன் என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

கரி எப்படி எரிகிறது?

அடுப்பில் விறகு எரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். முதலில் மஞ்சள் சுவாலை நீளமாக எழும்பும். பிறகு சுவாலை அடங்கித் தணல் கனன்றுகொண்டிருக்கும். கப்பல் உலையில் போடும் நிலக்கரியும் இப்படித்தான் இரண்டு விதமாக எரிகிறது.

நிலக்கரியில் பெரும் பங்கு கரி. அதை விஞ்ஞானிகள் கார்பன் என்பார்கள். அதோடு ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. கரி சூடானதும், கார்பனும் ஹைட்ரஜனும் கலந்த வாயுக்கள் அதிலிருந்து கிளம்புகின்றன. இவற்றுக்கு ஹைட்ரோகார்பன் என்று பெயர். சுவாலையாக எரிவது இந்த வாயுதான். வாயு தீர்ந்தபின் மிச்சமுள்ள கார்பன் தணலாக எரிகிறது.

எரிவது என்றால் என்ன? கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்கிறது. அவ்வளவுதான். அப்படிச் சேரும்போது வெப்பம் வெளிப்படுகிறது. கார்பனும் பிராணவாயுவும் சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகும். ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சேர்ந்தால் நீராவி உண்டாகும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 12 கிலோ கார்பன் முழுவதும் எரிய 32 கிலோ பிராணவாயு வேண்டும். முடிவில் 44 கிலோ கரியமில வாயு கிடைக்கும். ஒரு அணுவும் காணாமல் போவதில்லை. காற்றில் பிராணவாயு ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஆகவே ஒரு கிலோ கார்பன் எரிய ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோ காற்று வேண்டும். கப்பலில் கரிக்குத்தான் விலை, காற்று இலவசம். ஆனால் கரியைவிடப் பத்து மடங்குக்கு மேல் காற்றை உலை விழுங்குகிறது!

காற்று போதாவிட்டால் என்ன ஆகும்? கார்பன் அரைகுறையாக எரியும். கரியமில வாயுவுக்குப் பதிலாகக் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷ வாயு உண்டாகும். அப்படி எரிந்தால், கிடைக்க வேண்டிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. ஹைட்ரோகார்பன் வாயுக்களும் முழுவதும் எரியாமல் கரித்துகளாக மாறும். அதுதான் கறுப்புப் புகை. காசு கொடுத்து வாங்கிய கரி, எரியாமலே புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது என்று பொருள்.

காற்று மிகுந்தாலும் கஷ்டம்தான். வேண்டாத காற்று சூடேறி, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆகவே உலைக்கு முன்னால் நிற்கும் ஆள் வெறும் கூலிக்காரன் அல்லன். எப்போது கரி போடுவது, எப்போது கதவைத் திறப்பது, எவ்வளவு காற்று விடுவது என்று அறிந்தவன். உலையின் அனலில் வெந்துகொண்டு, கரியை மெல்லப் பரப்பிப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் நெருப்பு மூச்சுத் திணறும்.

உலையின் வெப்பத்தில் கொதிகலனில் உள்ள நீர் ஆவியாகிறது. திறந்த பாத்திரத்தில் ஒரு படி நீர் கொதித்தால், ஆயிரத்து அறுநூறு படிக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும் ஆவியாக விரியும். அந்த ஆவியை அடைத்து வைத்தால் அது முட்டித் தள்ளும். அந்தத் தள்ளல்தான் எந்திரத்தை இயக்கி, கப்பலின் பின்புறத்து விசிறியைச் சுழற்றுகிறது. அந்தக் காலக் கப்பல்களில் கரியின் வெப்பம் நூறு பங்கு என்றால், கப்பலை ஓட்டப் பயன்பட்டது பத்துப் பதினைந்து பங்குதான். மற்றதெல்லாம் புகையோடும் ஆவியோடும் வீணாகப் போயிற்று.

திருநெல்வேலிச் சீமையில் ஒரு கட்டி நிலக்கரிகூடக் கிடையாது. ராணிகஞ்ச், ஜாரியா போன்ற சுரங்கங்கள் எல்லாம் வடக்கே வெகுதூரத்தில் இருந்தன. எங்கிருந்து வந்தாலும் காசு கொடுத்துத்தான் கரி வாங்க வேண்டும். சுதேசிக் கப்பலின் உலைக்குள் தினந்தோறும் விழுந்தது கரி மட்டும் அல்ல. ஏழை எளியவர் இருபத்தைந்து ரூபாய் கொடுத்து வாங்கிய பங்குப் பணமும் விழுந்தது.

இலவசப் பயணம், இலவசக் குடை

சுதேசிக் கப்பலில் கூட்டம் நெரிந்தது. பி.ஐ. கப்பலில் ஆள் குறைந்தது. உடனே பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. பி.ஐ. கம்பெனி விடவில்லை. கட்டணமே வேண்டாம் என்றது. அதோடு பயணிகளுக்குக் குடையும் இனாமாகத் தந்தது!

வெள்ளைக்காரக் கம்பெனிக்கு என்ன பைத்தியமா? இல்லை. அவர்களுக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்.

கப்பலில் ஆயிரம் பேர் ஏறினாலும் பத்துப் பேர் ஏறினாலும் உலை ஏறத்தாழ ஒரே அளவு கரிதான் தின்னும். கப்பலின் எடையையும் கடல்நீரின் எதிர்ப்பையும் வெல்லத்தான் பெரும்பாலான கரி செலவாகிறது. பயணிகளின் எடை அதற்கு முன் அற்பம். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நெருப்புக்குப் பசி அடங்காது. கொதிகலனை அடிக்கடி அணைத்து அணைத்து மூட்டவும் முடியாது. மறுபடி நீரைக் கொதிக்க வைக்கவே வெகுநேரம் கரி எரிய வேண்டும்.

பி.ஐ. கம்பெனிக்குப் பல கடல்களில் பல கப்பல்கள் ஓடின. தூத்துக்குடியில் நஷ்டம் வந்தால் வேறிடத்து லாபத்தில் அதை ஈடு செய்துகொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கோ ஒரே வழிதான். அந்த வழியில் வருமானம் நின்றால் கரி வாங்கும் பணமும் நிற்கும். கரி நின்றால் கப்பல் நிற்கும். வெள்ளைக்காரர் தொடுத்தது கட்டணப் போர் மட்டும் அல்ல. எதிரியின் உலையை அணைக்கும் போர்.

சிதம்பரம் பிள்ளையை விலைக்கு வாங்கவும் ஆசை காட்டிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசினார். சுதேசிக் கப்பலில்தான் ஏற வேண்டும், சரக்கும் அதில்தான் ஏற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இனாம் என்று சொல்லியும் பி.ஐ. கப்பலில் ஏறாதவர்கள் அன்று பலர் இருந்தார்கள்.

கோரல் ஆலையும் சிறைவாசமும்

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அதுவும் ஹார்வி ஆலைதான். கூலி குறைவு, வேலை நேரம் அதிகம், ஓய்வு நாள் கிடையாது. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். சில நாட்களிலேயே முதலாளிகள் இறங்கி வந்தார்கள். தொழிலாளர்கள் வென்றார்கள்.

கப்பலிலும் எதிர்க்கிறார், ஆலையிலும் எதிர்க்கிறார் என்று சர்க்காருக்குக் கோபம் தலைக்கேறிற்று. விபின் சந்திரபாலின் விடுதலையை மார்ச் 9-ந் தேதி கொண்டாடியதைச் சாக்காக வைத்து, மார்ச் 12-ந் தேதி சிதம்பரம் பிள்ளையையும் சிவாவையும் கைது செய்தார்கள்.

மறுநாள் மார்ச் 13. திருநெல்வேலியே பொங்கி எழுந்தது. கடைகள் அடைக்கப்பட்டன. மாணவர்கள் வெளியே வந்தார்கள். நகரசபைக் காரியாலயம், தபால் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் தாக்கப்பட்டன. நகரசபையின் மண்ணெண்ணெய்க் கிடங்குக்கும் தீ வைக்கப்பட்டது. போலீசார் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

மண்ணெண்ணெய்த் தீ

அந்நாளில் இரவில் வெளிச்சம் என்றால் மண்ணெண்ணெய்தான். அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அது கப்பலில் வந்திறங்கியது.

மண்ணெண்ணெய் ஏறக்குறைய முழுவதும் ஹைட்ரோகார்பன். ஒரு கிலோ மண்ணெண்ணெய் நன்றாக எரிந்தால் மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமான கரியமில வாயுவும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட நீராவியும் உண்டாகும். நெருப்பிலிருந்து நீர் பிறக்கிறது என்றால் நம்பக் கடினம். ஆனால் எரியும் விளக்கின் மேல் ஒரு குளிர்ந்த தட்டைச் சற்று நேரம் பிடித்தால் அதில் ஈரம் படியும். அந்த ஈரம் சுவாலையில் பிறந்த நீர்தான்.

கிடங்கில் பிடித்த தீ ஏன் பயங்கரமானது? மண்ணெண்ணெய் நீரைவிட இலேசானது. எரியும் மண்ணெண்ணெய் மீது நீரை ஊற்றினால் நீர் அடியில் போய்விடும். எண்ணெய் மேலே மிதந்து, எரிந்துகொண்டே பரவும். காற்றைத் தடுத்தால்தான் அது அணையும். ஆகவே மணலைக் கொட்ட வேண்டும். சிறு தீயானால் நனைந்த சாக்கைப் போட்டு மூடலாம். இது இன்றைக்கும் ஒவ்வொரு வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தாலும் நீரை ஊற்றக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியை மூடியால் மூடிவிட வேண்டும்.

செக்கு

1908-ஆம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். ராஜத்துரோகக் குற்றத்துக்காக ஒரு ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொரு ஆயுள் தண்டனை! மொத்தம் நாற்பது ஆண்டுகள். கேட்டவர்கள் திகைத்துப் போனார்கள். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் அடைபட்டுக் கிடந்தார்.

கோயம்புத்தூர்ச் சிறையில்தான் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்க வேண்டிய செக்கை, உச்சி வெயிலில் ஒரு வக்கீல் இழுத்தார். கப்பலை நெருப்பின் பலத்தால் ஓட்டிய மனிதர், தம் உடம்பின் பலத்தால் எண்ணெய் ஆட்டினார்.

செக்கு எண்ணெயும் விளக்கில் எரியும். நெல்லையப்பர் கோயிலில் எத்தனையோ தலைமுறைகளாக எண்ணெய் விளக்குகள் எரிந்திருக்கின்றன. விதை எண்ணெய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன வேற்றுமை? திரவம் எரிவதில்லை. திரவம் சூடாகிக் கிளம்பும் ஆவிதான் எரிகிறது. மண்ணெண்ணெய் ஐம்பது டிகிரி சூட்டுக்குள்ளேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கிவிடும். நல்லெண்ணெய்க்கோ இருநூறு டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆகவே அகல் விளக்கில் எண்ணெய் முழுவதும் பற்றிக்கொள்வதில்லை. திரி உறிஞ்சும் துளி மட்டும் நுனியில் சூடாகி எரிகிறது.

மனித உடம்புக்குள்ளும் இதே வேலைதான் நடக்கிறது. உண்ட சோறும் எண்ணெயும் சுவாசித்த பிராணவாயுவோடு சேர்ந்து, சுவாலை இல்லாமல் மெல்ல எரிகின்றன. மூச்சில் வெளிவருவது அதே கரியமில வாயு, அதே நீராவி. சிறையிலோ அவருக்குக் கிடைத்த சாப்பாடு மோசமானது. வேலையோ மாட்டு வேலை. உலைக்குக் கரி குறைந்தால் கப்பல் தளர்வது போல, அவர் உடம்பும் தளர்ந்தது. மனம் மட்டும் தளரவில்லை. சிறையில் இருந்துகொண்டே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூல்களைத் தமிழாக்கும் வேலையில் ஈடுபட்டார்.

உலை அணைந்தது

தலைவர் சிறையில் இருந்தார். கம்பெனி தலையற்ற உடலாயிற்று. பங்குதாரர்கள் பயந்தார்கள். கட்டணப் போரில் பணம் கரைந்திருந்தது. 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போயின. சுதேசி நெருப்பு எரிந்த அதே உலையில் பிறகு அன்னியர் நெருப்பை மூட்டினார்கள். சிறைக்குள் இருந்த சிதம்பரம் பிள்ளைக்குச் செக்கைவிட இந்தச் செய்தி அதிகம் வலித்திருக்கும்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி அவர் விடுதலையானார். அவரை அழைத்துச் செல்லப் பெருங்கூட்டம் வரவில்லை. வக்கீல் சன்னது பறிக்கப்பட்டிருந்தது. திருநெல்வேலி ஜில்லாவுக்குத் திரும்பவும் வழியில்லை. சொத்தெல்லாம் போய்விட்டது. மனைவி மக்களோடு சென்னைக்குப் போனார்.

அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? மளிகைக் கடை வைத்தார். மண்ணெண்ணெயும் விற்றார்.

லட்சக்கணக்கான ரூபாயில் கப்பல் வாங்கியவர், வயிற்றுப்பாட்டுக்காக மண்ணெண்ணெய் விற்றார். அந்த எண்ணெய் ஏழை வீட்டு விளக்கில் எரிந்தது. விளக்கின் கண்ணாடிக் கூண்டு அழகுக்காக வைத்ததல்ல. உள்ளே சூடான காற்று மேலே போகும். அடியிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். அதனால் சுவாலைக்கு வேண்டிய பிராணவாயு தடையின்றிக் கிடைக்கும். திரியை அளவுக்கு மேல் தூண்டினால் ஆவி மிகுந்து காற்று போதாமல் போகும். கண்ணாடி கறுத்துவிடும். கப்பல் உலையில் கண்ட அதே கணக்குதான் கை விளக்கிலும். கப்பலின் கறுப்புப் புகையும் விளக்குக் கண்ணாடியின் கரியும் ஒரே குலம்.

கடைசிக் காலம்

வியாபாரம் அவருக்குச் சோறு போட்டதே தவிரச் செல்வம் தரவில்லை. பிற்பாடு வாலஸ் என்னும் வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் வக்கீல் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். வெள்ளை ஆட்சியை எதிர்த்தாரே தவிர, நல்ல மனிதரை அவர் நிறம் பார்த்து வெறுக்கவில்லை.

கோவில்பட்டியில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார். மெய்யறம் முதலிய நூல்களை எழுதினார். தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். தம் வரலாற்றைச் செய்யுளாகவே பாடி வைத்தார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவர் விருப்பப்படியே அவர் உயிர் காங்கிரஸ் காரியாலயத்தில் பிரிந்தது.

சுதந்திரத்தைக் காண இன்னும் பதினோரு ஆண்டுகள் அவர் இருக்கவில்லை.

அவர் கோயம்புத்தூர்ச் சிறையில் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டப்பட்டது. இப்போது அங்கே வரும் கப்பல்களில் கரி உலை இல்லை. எண்ணெய் எரிக்கும் எந்திரங்கள் இருக்கின்றன. கரி இன்று எரிபொருளாக அல்ல, சரக்காகத்தான் அந்தத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது.

அவர் அமர்த்திய உலைகள் அணைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கரி தீர்ந்தால் உலை அணையும். ஆனால் இனாமாகக் குடை கொடுத்தும் அன்னியன் கப்பலில் ஏறாமல், அரை ரூபாய் கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறிய ஏழை மக்களின் நெஞ்சில் அவர் மூட்டிய நெருப்புக்குக் கரி தேவைப்படவில்லை. அதை அணைக்க எந்தக் கம்பெனியாலும் முடியவில்லை.